எட்டரை மணிக் கார்

காலை எட்டரை மணி. மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்குப் போகும் வழி. பள்ளிக்கரணை தாண்டுவதற்குள் முன்னால் ஒரு மாநகரப் பேருந்து, இடப்பக்கம் தண்ணீர் லாரி, வலப்பக்கம் கண்ணாடியை உரசாத குறையாக ஒரு ஷேர் ஆட்டோ. ஸ்பீடோமீட்டர் முள் எட்டைத் தொட்டுத் திரும்புகிறது. டர்போ இன்ஜின், ஏழு கியர், இறுக்கமான சஸ்பென்ஷன் எல்லாம் கொண்ட என் போலோ ஜிடி டிஎஸ்ஐ தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இப்படித்தான் கழிக்கிறது. ஹாட் ஹேட்ச் எனப்படும் இந்த மாதிரித் துள்ளல் சின்னக் காரை வாங்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இந்த எட்டரை மணியைத்தான். ஏற்காடு மலைப்பாதையில் வண்டி எப்படி வளையும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதில் ஏமாற்றம் வராது.

வீட்டில் ஒரே ஒரு கார்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பவருக்காக இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். அந்த ஒரே காரில் அலுவலகம் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், அரிசி மூட்டை ஏற்ற வேண்டும், தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது மனசில் ஒரு துள்ளலும் வேண்டும். இது பேராசை இல்லை. இந்த வகைக் கார் பிறந்ததே அதற்காகத்தான். 1976இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ விற்பனைக்கு வந்தபோது, சாதாரணக் குடும்பக் காரின் உடம்பில் 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன் இன்ஜினை வைத்தார்கள். எடை 800 கிலோவைச் சற்றே தாண்டும். 5,000 வண்டி விற்றால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. அத்தனை பேரும் பந்தயத்துக்குப் போனவர்கள் அல்லர். வார நாட்களில் வேலைக்குப் போய்வந்தவர்கள்.

நம் ஊரில் எதை ஹாட் ஹேட்ச் என்பது?

வெளிநாட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தால் இந்தியாவில் விற்ற சின்ன டர்போ கார்களில் பல வெதுவெதுப்பானவைதான். காரணம் நம் வரிமுறை. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள் இருந்தால் சின்னக் கார், வரி குறைவு. ஒன்றைத் தாண்டினாலும் வரி ஏறும். அதனால்தான் நம் சந்தைக்கு வந்த துள்ளல் கார்கள் பெரும்பாலும் 1.0, 1.2 லிட்டர் டர்போவிலேயே அடங்கிவிட்டன. 2013இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 குதிரைத்திறன், 2017இல் வந்த பலேனோ ஆர்எஸ் 102, 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் 120, 2024இல் வந்த டாடா ஆல்ட்ரோஸ் ரேசர் 120. 2015இல் வந்த ஃபியட் அபார்த் புண்டோ மட்டும் 1.4 லிட்டரும் 145 குதிரைத்திறனுமாகத் தனியாக நின்றது. அதை இன்றும் பத்திரமாக வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும். ஆனால் அன்றாட வண்டியாகப் புதிதாக ஒருவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டது; ஒரு ஹெட்லைட் உடைந்தால் அதைத் தேடி அலைய வேண்டிவரும்.

110, 120 குதிரைத்திறன் போதுமா என்று கேட்பவர்கள் திறனைப் பார்க்கிறார்கள், முறுக்குவிசையைப் பார்ப்பதில்லை. போலோ ஜிடியின் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,500 ஆர்பிஎம்மிலேயே முழுதாகக் கிடைத்துவிடும். முந்தைய தலைமுறை ஸ்விஃப்டின் நான்கு சிலிண்டர் 1.2 டூயல்ஜெட் இன்ஜின் 113 நியூட்டன் மீட்டர்தான் தரும். அதுவும் 4,400 ஆர்பிஎம்மில். அன்றாட ஓட்டத்தில் இன்ஜின் இருப்பது 1,500க்கும் 3,000க்கும் நடுவில். ஆகவே டர்போவின் பலன் நெடுஞ்சாலையில் மட்டுமல்ல, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏசியோடும் நான்கு பேரோடும் ஏறும்போதும் தெரியும். நம்மவர்கள் ‘பிக்கப்’ என்று சொல்வது இதைத்தான்.

புதிதாக வாங்குபவர் சாலை வரியையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். இந்த வகைக் கார்களின் விலை சரியாக அந்தப் பத்து லட்சக் கோட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு வரி ஏறக்குறைய 1 லட்சத்து 29 ஆயிரம். 10 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு 1 லட்சத்து 82 ஆயிரம். விலையில் 20 ஆயிரம் வித்தியாசம், வரியில் 53 ஆயிரம் வித்தியாசம். சன்ரூஃப் வேண்டுமா, நல்ல டயர் வேண்டுமா என்று ஷோரூமில் உட்கார்ந்து முடிவெடுக்கும்போது இந்தக் கணக்கும் கையில் இருக்கட்டும்.

கியர்பாக்ஸ்தான் முதல் முடிவு

எந்த நிறம், எந்த கம்பெனி என்பதற்கெல்லாம் முன்னால் எந்த கியர்பாக்ஸ் என்று முடிவு செய்யுங்கள். அன்றாட வாழ்க்கையில் சுகமும் செலவும் அதில்தான் இருக்கின்றன.

டிஎஸ்ஜி, டிசிடி என்று வெவ்வேறு பெயரில் விற்பது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 ஆகிய கியர்களைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று 2, 4, 6. நீங்கள் மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும். அதனால் கியர் மாறுவது தெரியாது, இழுவை அறுந்து போகாது. பழைய போலோ ஜிடியிலும் ஐ20 என் லைனிலும் இருப்பது இதுதான். ஆனால் இந்தச் சின்னக் கார்களில் அந்த கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்காது, உலர் கிளட்ச். மேனுவல் காரின் கிளட்ச் போலவே தேயும், சூடாகும். மேனுவலில் அரை கிளட்சில் ஊர்கிறோம் என்பது காலுக்குத் தெரியும். இதில் தெரியாது. வேளச்சேரி நெரிசலில் முன் வண்டி அரை மீட்டர் நகரும்போதெல்லாம் நாமும் பிரேக்கைப் பாதி விட்டு நகர்ந்தால், கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டே இருக்கும். இந்த கியர்பாக்ஸ்களைப் பற்றி வரும் புகார்களில் கணிசமானவை இந்தப் பழக்கத்திலிருந்தே தொடங்குகின்றன.

நான் கடைப்பிடிக்கும் முறை இது. முன் வண்டி நகர்ந்ததும் நகர மாட்டேன். இரண்டு கார் நீளத்துக்கு இடம் விழட்டும் என்று காத்திருப்பேன். பிறகு பிரேக்கை முழுதாக விட்டு, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் அளவுக்கு ஓடி, மறுபடி முழுதாக நிறுத்துவேன். பிரேக்கை அழுத்தி நிற்கும்போது கிளட்ச் விலகிவிடும், ஆறும். இடைவெளி விட்டால் பைக்குகள் நுழையும்தான். நுழையட்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். மேம்பால ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. சில நிமிடங்களில் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரிந்துவிடும். ஏற்றத்தில் நிறுத்த பிரேக், ஏற மட்டும் ஆக்சிலரேட்டர்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல் நெரிசலில் ஊர வேண்டும், கவலையும் வேண்டாம் என்றால், 2020 முதல் 2022 வரை விற்ற போலோ 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கைத் தேடுங்கள். அதில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் வகை ஆறு கியர். கியர் மாறும் வேகம் ஒரு மாற்றுக் குறைவுதான், ஆனால் ஊர்வதற்கு அஞ்சாது. 2022இல் போலோ உற்பத்தி நின்றுவிட்டாலும் அதே குடும்பத்து இன்ஜின் விர்டுஸ், டைகூனில் ஓடிக்கொண்டிருப்பதால் இன்ஜின் பாகங்களுக்கு இப்போதைக்குத் தட்டுப்பாடு இல்லை. ஓட்டும் சுகமும் குறைந்த பராமரிப்பும் வேண்டும், இடது கால் வலித்தாலும் பரவாயில்லை என்பவருக்கு ஆல்ட்ரோஸ் ரேசரின் ஆறு கியர் மேனுவலோ, 2023க்குப் பிறகு வந்த ஐ20 என் லைன் மேனுவலோ பொருந்தும். இரட்டைக் கிளட்ச் வேண்டுமென்றால் வாரண்டியோடு வாங்குங்கள். முடிந்தால் வாரண்டியை நீட்டித்துக்கொள்ளுங்கள். அது வீண் செலவு இல்லை.

செகண்ட் ஹேண்ட் வண்டியைப் பார்க்கப் போகும்போது

இந்த வகைக் கார்களில் நல்லதும் கெட்டதும் ஒரே விலையில் நிற்கும். துள்ளல் கார் என்பதாலேயே முதல் சொந்தக்காரர் அதை எப்படி ஓட்டினார் என்பது விலையைவிட முக்கியம். பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, “இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள், நான் வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய இன்ஜினில் வரும் சத்தத்தை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

இரட்டைக் கிளட்ச் வண்டியை ஒன்றிலிருந்து இரண்டுக்கு மெதுவாக மாறும்படி பத்து முறையாவது ஓட்டுங்கள். வண்டி நடுங்கினால், உதறினால் விட்டுவிடுங்கள். ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். நம்பகமான மெக்கானிக்கை ஸ்கேனரோடு கூட்டிப் போங்கள். இந்த வண்டிகளின் கம்ப்யூட்டர் பழைய கோளாறுகளை ஞாபகம் வைத்திருக்கும். அதை நேற்றுதான் அழித்திருக்கிறார்கள் என்றாலும் அனுபவசாலி கண்டுபிடித்துவிடுவார்.

சென்னைப் பதிவெண் வண்டி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து எங்கெங்கோ விற்கப்பட்டன. நான்கு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருக்கும் பெல்ட்டின் அடியில் சேற்றுக் கோடு இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்திலும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசி போடாமல் ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். வாசனைத் திரவம் அடித்திருந்தாலும் ஊறிய கம்பள வாடை மேலே வந்துவிடும். ஆர்.சி., கடன் பாக்கி, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரங்களைப் பார்ப்பது எந்த காருக்கும் பொதுவானது என்பதால் இங்கே விரிக்கவில்லை.

வேகத்தடையும் பள்ளமும்

இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம். அந்த அளவில் கட்டிய வேகத்தடையை நம் தெருக்களில் பார்ப்பது அரிது. கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஊர்க்காரர்களே சிமெண்டில் எழுப்பிய மேடுகள் உயரத்தில் கூடி, அகலத்தில் ஓரடிக்குச் சுருங்கியிருக்கும். நம் ஹாட் ஹேட்ச்களின் தரை இடைவெளி ஏறக்குறைய 165 மில்லிமீட்டர். ஒருவர் போனால் தட்டாத மேடு, ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் அடியைத் தட்டும். குறுக்காக ஏற்றுங்கள்: முதலில் ஒரு முன் சக்கரம், பிறகு மற்றது. பின்னால் வருபவர் பொறுத்துக்கொள்வார். வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டால் பார்க்க அழகாக இருக்கும். அன்றாட வண்டிக்கு அதைச் செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

டயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐ20 என் லைனின் டயரில் 195/55 ஆர்16 என்று எழுதியிருக்கும். 195 மில்லிமீட்டர் அகலம். அதில் 55 சதவீதம், அதாவது 107 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம். ரோட்டுப் பள்ளத்துக்கும் உங்கள் அலாய் வீலுக்கும் நடுவே இருக்கும் மெத்தை அவ்வளவுதான். அழகுக்காக 17 அங்குல வீலும் 205/45 டயரும் மாட்டினால் மெத்தை 92 மில்லிமீட்டராகக் குறையும். அந்த 15 மில்லிமீட்டரின் அருமையை நான் சென்னை புறவழிச்சாலையில் தெரிந்துகொண்டேன். என் வண்டியை விற்றவர் 17 அங்குல வீல் மாட்டியிருந்தார். ஒரு மழை இரவில், தண்ணீர் நிரம்பியிருந்த பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை. இடது முன் டயரின் பக்கச்சுவர் கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்துக்கொண்டது. அப்படிப் புடைத்த டயரை ஒட்ட முடியாது, ஓட்டவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அந்த வாரமே நான்கையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, கம்பெனி அளவுக்கே திரும்பினேன். வண்டி மென்மையானது, வளைவில் பிடி ஒன்றும் குறையவில்லை.

காசு செலவழிக்க ஆசைப்பட்டால் அதே அளவில் நல்ல டயர் வாங்குங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கடையில் நெடுநாள் கிடந்த டயரைத் தள்ளுபடியில் தருவார்கள், வேண்டாம். காற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி பிடியுங்கள். பங்க் பையன் கேட்காமலே எல்லா காருக்கும் ஒரே அளவை வைப்பான். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆயில், பெட்ரோல், மழை

டர்போ என்பது இன்ஜின் விடும் சூடான புகையில் சுழலும் சக்கரம். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். ஆகவே இந்த காரில் ஆயில் என்பது மிச்சம் பிடிக்கும் இடமில்லை. கையேட்டில் எந்தத் தரக் குறியீடு போட்டிருக்கிறதோ அந்த முழு சிந்தெடிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் வண்டிக்கு எல்லா காருக்கும் ஊற்றும் பீப்பாய் ஆயிலை ஊற்றிவிட்டு, பில்லில் வேறு பெயர் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து சீல் வைத்த டப்பாவை நானே வாங்கிப்போய், என் கண்முன் திறக்கச் சொல்கிறேன். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு 7,500 கிலோமீட்டரில் மாற்றுவது இன்னும் நல்லது. கிலோமீட்டர் குறைவாகக் காட்டினாலும் இன்ஜின் ஓடிய மணிநேரம் அதிகம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரைய விடாதீர்கள். முதல் ஐந்து கிலோமீட்டருக்கு 2,500 ஆர்பிஎம்மைத் தாண்டாமல் ஓட்டினால் போதும். மலையேறி முடித்ததும் உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள், டர்போ ஆறட்டும். போலோ டிஎஸ்ஐ, ஐ20 டர்போ போன்ற இன்ஜின்களில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் காற்று வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. காலப்போக்கில் கரி படியும். வாரம் ஒரு முறையாவது வண்டிக்கு நீண்ட, சீரான ஓட்டம் கொடுங்கள். 70, 80 ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு இழுவை குறைந்து ஐட்லிங்கில் நடுங்கினால், வால்வு சுத்தம் செய்யத் தெரிந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பெட்ரோல் செலவை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் வண்டி நகர நெரிசலில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருகிறது. சேலம் நெடுஞ்சாலையில் 90இல் சீராகப் போனால் 17. மாதம் 1,000 கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓடுகிறவருக்கு 100 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10,000 ரூபாய். டர்போ இல்லாத சின்னக் கார் 13 கொடுத்தால் அதே தூரத்துக்கு 7,700 ரூபாய். ஆக, துள்ளலின் மாத விலை 2,300 ரூபாய். அதை மனசார கொடுக்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியானால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றிக் கையேட்டிலும் பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மழைக்கு ஒரே விதி. தேங்கிய தண்ணீரின் ஆழம் தெரியாவிட்டால் போகாதீர்கள். காற்று இழுக்கும் வழியில் தண்ணீர் புகுந்து சிலிண்டருக்குள் போனால், காற்றைப்போல அதை அழுத்த முடியாது. பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராட் வளையும். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் போடாதீர்கள். தள்ளி ஓரம் கட்டி, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். தண்ணீரில் ஸ்டார்ட் போட்டதால் வந்த சேதம் என்று தெரிந்தால் சாதாரண இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் கிடைக்காது. இன்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பைப் பாலிசியோடு சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம் அது. தாழ்வான காரை வைத்திருக்கும் நாம் அவர்களுக்கு முன்பே கிளம்ப வேண்டும்.

பின் சீட்

போலோவின் பின் சீட்டில் ஆறடி மனிதர் முழங்காலை ஒடுக்கித்தான் உட்கார வேண்டும். ஐ20, ஆல்ட்ரோஸ் இரண்டும் தாராளம். டிக்கி முறையே 311, 345 லிட்டர். மூட்டுவலி உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால், டெஸ்ட் டிரைவுக்கு அவரைக் கூட்டிப்போங்கள். ஆல்ட்ரோஸின் பின் கதவு நேராக 90 டிகிரி திறக்கும். என் அம்மா அதில்தான் ஒரு கை உதவியும் இல்லாமல் ஏறி இறங்கினார். பாதுகாப்புச் சோதனையில் குளோபல் என்கேப் 2020இல் ஆல்ட்ரோஸுக்குப் பெரியவர் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. போலோவுக்கு 2014இல் இரண்டு ஏர்பேக்கோடு நான்கு. ஐ20க்கு 2022இல் மூன்று. பிள்ளைக்கு இருக்கை வாங்கி, ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டுங்கள். மடியில் உட்காரவைத்துக்கொண்டு போவதை விட்டுவிடுங்கள். இறுக்கமான சஸ்பென்ஷனுக்குக் குழந்தைகள் சீக்கிரம் பழகிவிடும், கர்ப்பிணிகளுக்குச் சிரமம். வீட்டில் அப்படி ஒருவர் இருக்கும் மாதங்களில் மேடுபள்ளமான வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போவதைத் தவிர வேறு வழி நான் கண்டதில்லை.

மாற்றி அமைக்கும் ஆசை

மூன்றாவது மாதத்தில் ஆசை வரும். மடிக்கணினியை இணைத்து இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கைத் திருத்தினால் 105 குதிரைத்திறன் 130ஐ நெருங்கும். முறுக்குவிசை 200ஐத் தாண்டும். இதைத்தான் ரீமேப் என்கிறார்கள். பழைய போலோ ஜிடியின் ஏழு கியர் டிஎஸ்ஜி தாங்கக்கூடிய அளவே 250 நியூட்டன் மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். கம்பெனி விட்டுவைத்த அந்த இடைவெளிதான் உங்கள் கியர்பாக்ஸின் ஆயுள். ரீமேப் தெரிந்தால் வாரண்டி போகும். சொல்லாமல் மறைத்தால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸும் கைவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி கம்பெனி வகுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சத்தம் போடும் சைலன்சரைப் பற்றி நான் சட்டமே பேசத் தேவையில்லை. இரவு பதினொரு மணிக்கு நீங்கள் வீடு திரும்பும் தெருவில் கைக்குழந்தைகள் தூங்குகின்றன.

பணம் கையில் அரித்தால் நல்ல பிரேக் பேட் போடுங்கள், பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி, மலை இறக்கத்தில் கொதித்து, மிதியைப் பஞ்சாக்கிவிடும்.

ஏற்காட்டுக்கு ஒரு காலை

எட்டரை மணியைப் பொறுத்துக்கொண்டவருக்கு இந்த கார் திருப்பித் தருவது இங்கேதான். சேலத்திலிருந்து விடியலில் கிளம்புங்கள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது பிரேக், இரண்டாவது கியர், 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் திருப்பம், ஸ்டியரிங் நேராகத் தொடங்கும்போது மெல்ல ஆக்சிலரேட்டர். 1,500 ஆர்பிஎம்மிலேயே இழுவை வந்து முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும். முன் சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்பது கைவிரல்களுக்குத் தெரியும். கண்ணாடியை இறக்கினால் காப்பித் தோட்ட ஈரம் உள்ளே வரும். வேகமானியைப் பார்த்தால் 45 கூட இருக்காது. பெரிய எஸ்யூவிக்காரர் அதே வளைவில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவார். நீங்கள் கையெழுத்துப் போடுவதுபோலத் திருப்பிவிட்டுப் போவீர்கள். சின்னக் காரின் இன்பம் வேகத்தில் இல்லை, குறைந்த எடையிலும் சொன்னபடி கேட்பதிலும் இருக்கிறது. அந்த இன்பம் சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே முழுதாகக் கிடைக்கிறது.

இறங்கும்போது ஏறிவந்த கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டில் வையுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பத்தாவது வளைவில் கருகல் வாடை வரும். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குபவரின் கடமை. வளைவில் ஹாரன் அடியுங்கள். எதிர் வளைவில் பேருந்து தெரிந்தால் அது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும் என்று வைத்து முன்பே நில்லுங்கள்.

அதற்கு மேலும் வேகம் வேண்டும் என்பவருக்கு நம் மாநிலத்திலேயே இடம் இருக்கிறது. ஐ20 என் லைன் உருவாகும் ஆலை உள்ள இருங்காட்டுக்கோட்டையில்தான் 1990 முதல் சென்னைப் பந்தயத் தடமும் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீடுவே, 2.1 கிலோமீட்டர். சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டும் நாட்களை அங்கே அவ்வப்போது நடத்துகிறார்கள். கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க ஓட்டுங்கள். எதிரே யாரும் வர மாட்டார்கள், ஓரத்தில் மணல் இருக்கும், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இவை எதுவும் இல்லை. அங்கே மீன் கூடையோடு சாலையைக் கடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேகத்தைத் தடத்துக்குக் கொண்டுபோங்கள். போவதற்கு முந்தின நாள் டயரையும் பிரேக் ஆயிலையும் பாருங்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள். திங்கட்கிழமை காலை அதே வண்டி பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.